எனக்கும் அந்தப் படகுக்கும் என்ன சம்பந்தம்?

2024 அக்டோபர் 19, சனிக்கிழமை. மாலை ஆறு மணி இருக்கும். மேல்பட்டாம்பாக்கம் கடைத்தெருவில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்சிலோனா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் பந்தயத்தின் கடைசி நாள். நியூசிலாந்துப் படகும் பிரிட்டன் படகும் தண்ணீரை விட்டு எழும்பிப் பறந்துகொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த பெரியவர், நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு போடுகிறவர், எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி அது, படகா ப்ளேனா?"

"படகுதாங்க மாமா. தண்ணிக்கு அடியில ரெக்க வெச்சிருக்காங்க. காத்துலயே ஓடுது, மோட்டார் கெடயாது."

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியபோது அவருடைய கண் விரிந்ததைக் கவனித்தேன். பிறகு டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். "பணக்காரன் ஆட்டம். நமக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்? கிரிக்கெட் பாரு, கபடி பாரு."

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இதையே படித்தவர்களும் மேடையில் பேசுகிறவர்களும் இன்னும் கூர்மையான சொற்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது கோடீஸ்வரர்களின் பொம்மையாம். கணினி ஓட்டுகிற படகில் மனிதனுக்கு வேலையே இல்லையாம். நம் மண்ணுக்கு ஒட்டாத மேட்டுக்குடிக் கூத்தாம். தென்னாற்காட்டு உள்நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதை ரசிக்கிறவன் அந்நிய மோகம் பிடித்தவனாம். இந்தப் பேச்சில் உண்மைச் செய்திகள் சில உண்டு. அவற்றை வைத்துக் கட்டுகிற முடிவு முழுக்கத் தவறு.

எந்திரத்திலிருந்தே தொடங்குகிறேன். ராட்சச எந்திரங்களைப் பற்றி எங்கள் பக்கத்தவர்களுக்கு வெளியிலிருந்து யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

என் அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் எந்திரத்தில் வேலை பார்த்தவர். பண்ருட்டி வழியாக ஷிப்டுக்குப் போய்வந்தவர். அந்தச் சக்கரத்தை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். விளிம்பு நெடுக வாளிகள். ஒவ்வொரு வாளியும் 700 லிட்டர், பெரிய எந்திரங்களில் 1400 லிட்டர் கொள்ளும். ஜெர்மன் வடிவமைப்பு. ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரி வயல்களில் மேல்மண் மிருதுவானது. இங்கே நிலக்கரிக்கு மேல் கிடப்பது கடலூர் மணற்பாறை. புவியியல் புத்தகங்களே அதை நம் ஊர்ப் பெயரால்தான் குறிக்கின்றன. அந்தப் பாறையில் மோதி வாளிகளின் பற்கள் கரைந்து போயின. வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தி, பற்களை மாற்றி மாற்றிப் பார்த்து, எந்திரத்தை இந்த மண்ணுக்குப் பழக்கினார்கள். நிலக்கரிக்கு அடியிலோ ஆர்ட்டீசியன் நீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும். இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே உடைந்து வெள்ளம் புகுந்துவிடும். பல் பாறையில் படும் சத்தத்தை வைத்தே அது கெட்டிப் பாறையா, களிமண் பட்டையா என்று அப்பா சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் வாசலில் லாரி கியர் மாறும் ஓசையைக் கேட்டு "பாரம் அதிகம்" என்பார். காதுதான் அவருடைய தொழில்.

மண்ணை வெட்டுவது எந்திரந்தானே, ஆபரேட்டருக்கு என்ன வேலை என்று நெய்வேலியில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எந்திரம் பெரிதாகப் பெரிதாக அதை ஓட்டுகிறவனின் ஒரு கணத் தவறு பெரிதாகிறது என்பது சுரங்கத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். பாய்மரப் படகுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

பார்சிலோனாவில் ஓடிய படகின் நீளம் 75 அடி, எடை ஆறு டன்னுக்கு மேல். இருபுறமும் கை போல மடங்கி நிமிரும் தண்டுகள், அவற்றின் நுனியில் நீருக்கடியில் இறக்கைகள். விமான இறக்கை காற்றில் செய்கிற வேலையை இவை தண்ணீரில் செய்கின்றன. வேகம் ஏறியதும் படகின் உடல் முழுவதும் நீரை விட்டு எழும்பிவிடுகிறது. நீரின் இழுவை அறுந்ததும் காற்றின் வேகத்தைப் போல மூன்று நான்கு மடங்கு வேகத்தில் போகிறது. காற்றைவிட வேகமாகக் காற்றால் எப்படிப் போகமுடியும்? இதைக் கேட்டவுடன் பொய் என்பவர்கள் உண்டு. காற்றே இல்லாத உச்சிவெயிலில் டிவிஎஸ் 50-இல் பண்ருட்டி ரோட்டில் போய்ப் பாருங்கள், முகத்தில் காற்று அடிக்கும். அது நம்முடைய வேகம் உண்டாக்குகிற காற்று. படகும் அப்படித்தான். அடிக்கிற காற்றோடு தன் ஓட்டத்தால் பிறக்கிற காற்றையும் சேர்த்துப் பாயில் வாங்கிக்கொள்கிறது. காற்றுக்குக் குறுக்காக ஓடும்போது வேகம் கூடக் கூட, பாய் உணரும் காற்றும் கூடுகிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நேராக ஓடினால் இது நடக்காது. கோணம் தெரிந்து ஓட்டவேண்டும், பாயைக் கணத்துக்குக் கணம் இறுக்கித் தளர்த்தவேண்டும். அந்தப் படகில் இருந்தவர்கள் எட்டுப் பேர். இரண்டு பேர் சுக்கானில், இரண்டு பேர் பாயின் இறுக்கத்தில். மீதி நாலு பேர் படகின் வயிற்றுக்குள் குனிந்து சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார்கள். இறக்கைத் தண்டுகளை ஏற்றி இறக்க மின்கலம் உண்டு. பாயை இழுக்கும் அழுத்தம் மட்டும் அந்த எட்டுக் கால்களிலிருந்துதான் வரவேண்டும் என்பது அன்றைய விதி. கணினி ஓட்டுகிறது என்பவர்கள் இந்த நாலு பேரைப் பார்த்ததில்லை.

கணினி காற்றைக் கண்டுகொள்ளுமா என்பதற்கு ஆக்லாந்தில் 2021-இல் நடந்த அமெரிக்கா கோப்பைத் தொடரின் இரண்டு நிகழ்ச்சிகள் போதும். ஜனவரி 17 அன்று அமெரிக்காவின் 'பேட்ரியாட்' முன்னணியில் இருந்தது. கடைசித் திருப்பத்தில் திடீரென ஒரு வலுத்த காற்று விழுந்தது. படகு அப்படியே மேலே எம்பி, பக்கவாட்டில் அறைந்து விழுந்து, உடலில் ஓட்டையோடு மூழ்கத் தொடங்கியது. உலகின் தேர்ந்த பொறியாளர்கள் வருடக்கணக்கில் கணக்குப் போட்டுக் கட்டிய படகு அது. அதை மிதக்க வைக்க ஓடி வந்தவர்களில் எதிரணிக்காரர்களும் இருந்தார்கள். அடுத்தது மார்ச் 15. இறுதிப் போட்டியின் எட்டாவது ஓட்டம். நம் நேரப்படி காலை. காற்று மெலிந்து கிடந்தது. நியூசிலாந்துப் படகு எதிராளியின் பாய் கலைத்துவிட்ட காற்றில் சிக்கி, இறக்கையிலிருந்து நழுவி, தண்ணீரில் சப்பென்று உட்கார்ந்துவிட்டது. 90 கிலோமீட்டர் வேகம் போகக்கூடிய படகு மாட்டுவண்டி போல நகர்ந்தது. இத்தாலியின் 'லூனா ரோசா' வெகுதூரம் முன்னே போய்விட்டது. ஆட்டம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்புறம் அதே காற்று இத்தாலியரையும் கைவிட்டது. அவர்களும் உட்கார்ந்தார்கள். நியூசிலாந்துக்காரர்கள் எங்கேயோ ஒரு மெல்லிய காற்றுக் கீற்றைத் தேடிப் பிடித்து, எழுந்து, கிட்டத்தட்ட நாலு நிமிட இடைவெளியில் வென்றார்கள். அன்றைக்கு நான் பாடம் நடத்தும் பள்ளிக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனேன். காற்று கருப்பாக விழுந்திருக்கும் நீர்ப்பரப்பைக் கண்ணால் தேடுகிற அந்த வேலையைத் தாழங்குடா மீனவரின் தாத்தாவும் செய்தார்.

இங்கே இன்னொரு குழுவினரையும் மறுக்கவேண்டும். பழைய மரப்படகுதான் உண்மையான விளையாட்டு, தொழில்நுட்பம் வந்து கெடுத்துவிட்டது என்பவர்கள். கெடுத்தது எப்போது? 1983-இல் ஆஸ்திரேலியர்கள் படகின் அடிப்பலகையில் இறக்கை பொருத்தி, கரையில் நிற்கும்போது அதைத் திரை போட்டு மூடிவைத்து, நியூயார்க் படகுச் சங்கம் 132 வருடம் கைவிடாமல் வைத்திருந்த கோப்பையைப் பறித்தார்கள். அதற்கும் முன்னால், 1876-இல் ஹெர்ஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டை உடல் படகு ஒன்றைக் கட்டி நியூயார்க்கில் எல்லோரையும் முந்தினார். அந்த வகைப் படகையே பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். புதுக் கருவியும் அதன்மேல் சண்டையும் இந்த ஆட்டத்தோடு கூடப் பிறந்தவை. மூங்கிலுக்குப் பதில் கண்ணாடி இழைக் கம்பு வந்ததால் கம்பூன்றித் தாண்டுதல் விளையாட்டு இல்லாமல் போய்விட்டதா?

இனி பணம்.

ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்கா கோப்பைக்கு ஓர் அணியை இறக்க நூற்றுக்கணக்கான கோடி வேண்டும். ஆரக்கிள் நிறுவனத்தின் லாரி எலிசன், பிராடாவின் பெர்டெல்லி, இனியோஸின் ராட்கிளிஃப் போன்றவர்களின் பணத்தில்தான் அணிகள் நின்றிருக்கின்றன. அந்தப் பணத்துக்காக நான் வாதாடவில்லை. ஆனால் நமக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்தக் கோப்பையின் வரலாற்றில் மிகப் பிரபலமான தோல்வியாளர் தாமஸ் லிப்டன். கிளாஸ்கோவின் ஏழைத் தெருவில் வளர்ந்த மளிகைக்கடைக்காரர். 1899, 1901, 1903, 1920, 1930 என்று ஐந்து முறை 'ஷாம்ராக்' என்று பெயரிட்ட படகுகளோடு அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய், ஐந்து முறையும் தோற்றவர். மளிகைக்காரன் என்பதால் இங்கிலாந்தின் உயர்குலப் படகுச் சங்கம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சாவதற்குக் கொஞ்சம் முன்புதான் கதவைத் திறந்தது. அவ்வளவு படகுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? கடையிலிருந்தும் தேயிலையிலிருந்தும். 1890-இல் அவர் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையில் அவருடைய தேயிலைத் தொழிற்சாலை இன்றும் நிற்கிறது. அந்த மலைச்சரிவுகளில் கொழுந்து கிள்ளியவர்கள் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் மதுரையிலிருந்தும் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி நடந்தே போன தமிழர்கள். ஐந்து ஷாம்ராக்குகளின் பாயிலும் அவர்களுடைய விரல் இருக்கிறது. சம்பந்தம் இல்லை என்று சொல்வது அந்தக் கூலியை இன்னொரு முறை மறைப்பது.

இன்னொன்று. அமெரிக்கா கோப்பை மட்டுமே பாய்மரப் பந்தயம் என்று நினைப்பது, ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துவிட்டுத் தெருக் கிரிக்கெட்டைத் தள்ளுபடி செய்வது போல. ஒலிம்பிக்கில் ஓடுகிற ஒற்றையாள் படகு இல்கா. முன்பு லேசர் என்றார்கள். நாலே கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், அறுபது கிலோ உடல், ஒரு பாய், ஒரு சுக்கான். எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த படகு. ஒலிம்பிக்கில் அதையும் நடத்துகிறவர்களே கொடுக்கிறார்கள். பணக்காரன் கூடுதல் பணத்தை அந்தப் படகில் எங்கே ஒட்டவைப்பான்?

டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்தியா அனுப்பிய பாய்மரப் படகு வீரர்கள் நாலு பேர். சென்னையின் நேத்ரா குமணன், வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன், ஒரே படகில் கணபதியும் வருண் தக்கரும், அவர்களும் சென்னைக்காரர்கள். நாலு பேரும் நம் மாநிலம்! இந்தச் செய்தியை நான் சொன்னபோது ஆச்சரியப்படாத ஒரு தமிழரை இதுவரை சந்திக்கவில்லை. நேத்ரா பன்னிரண்டு வயதில் சென்னையில் ஒரு கோடைப் பயிற்சி முகாமில் படகைத் தொட்டவர். பாய்மரத்தில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவில் 35-ஆம் இடம், மூன்று வருடம் கழித்துப் பாரீஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில், 21-ஆம் இடம். பதினான்கு படி ஏறியிருக்கிறார். விஷ்ணு ராணுவத்தில் சுபேதாராக இருந்தவரின் மகன், அப்பாவிடம் படகு கற்றவர், தானும் ராணுவத்துக்காரர். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கினார்.

அதே ஹாங்சோவில் வெள்ளி வாங்கிய பெண்ணைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நேஹா தாக்கூர், அப்போது பதினேழு வயது. மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள். அந்த மாநிலத்துக்குக் கடலே கிடையாது. போபாலின் பெரிய ஏரியில் கற்றுக்கொண்டார். ஹைதராபாத்தின் உசேன் சாகரிலும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் படகு ஓட்டிப் பதக்கம் வாங்குகிறார்கள். கடலிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில், தென்பெண்ணைக் கரையில் இருந்துகொண்டு நாம் சொல்கிறோம், நமக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம் என்று.

கார் வாங்க வழியில்லாதவன் பார்முலா பந்தயம் பார்க்கிறான், நரேன் கார்த்திகேயன் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறான், 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார்கள் ஓடியபோது கடலூரிலிருந்து ரயிலேறிப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் சொத்துச் சான்றிதழ் கேட்கவில்லை. ரசிக்க உரிமை சொத்தில் இருந்து வருவதாக இருந்தால் நம்மில் பாதிப் பேர் எந்த விளையாட்டையும் பார்க்கக்கூடாது.

எதிர்த்திசையிலிருந்து வருகிற நண்பர்களையும் இங்கே நிறுத்தவேண்டும். என் பக்கம் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர்கள் சொல்வது: "இதெல்லாம் நம்ம கண்டுபிடிப்புதான். கட்டுமரத்தைத்தான் அவன் காட்டமரான் ஆக்கிட்டான்." சொல் நம்முடையது, அதில் சந்தேகமில்லை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையில் மரங்களைக் கட்டி மிதக்கவிட்டதைப் பார்த்து எழுதிய பிறகு அந்தச் சொல் உலகமெல்லாம் போயிற்று. ஆனால் கட்டுமரம் என்பது நெருக்கமாகச் சேர்த்துக் கட்டிய மரங்கள். இன்று மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடுகிற காட்டமரான் பந்தயப் படகு, நடுவே இடைவெளி விட்ட இரண்டு உடல்களால் ஆனது. அந்த வடிவம் பசிபிக் தீவுக்காரர்களிடமிருந்து வந்தது. பெயர் நம்முடையது, வடிவம் அவர்களுடையது. பொய்ப் பெருமை பேசினால் உண்மையான பெருமையைச் சொல்லும்போது யாரும் நம்பமாட்டார்கள். உண்மையான பெருமை இருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கி, 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைத் தமிழர்களே அதைச் செலுத்திக்கொண்டு சூயஸ் கடந்து, அட்லாண்டிக் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எந்தக் கோப்பையும் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. பழக்கமில்லாத ஒரு பெருங்கடலைத் தங்கள் பாயறிவை நம்பித் தாண்டினார்கள். இதைப் பள்ளிப் புத்தகத்தில் நான் படித்ததில்லை. என் மாணவர்களும் படிக்கவில்லை.

அந்த அறிவு எங்கே போயிற்று? வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்திருந்தோம். அணியம், சுக்கான், பருமல், தாமான் என்று படகின் ஒவ்வொரு உறுப்புக்கும் கயிற்றுக்கும் சொல் இருந்தது. தேவனாம்பட்டினத்திலும் ராசாப்பேட்டையிலும் பாய் சுருண்டு மோட்டார் வந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. மீனவரைப் பாயோடு திரும்பிப் போகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மோட்டார் அவர்களுடைய முதுகைக் காப்பாற்றியது. ஆனால் பாய் தொழிலாக வாழாத இடத்தில் விளையாட்டாக வாழமுடியும். ஜல்லிக்கட்டுக் காளை உழவுக்குப் போகாவிட்டாலும் காளைதான் என்று மெரினாவில் நின்று சொன்ன நாம் இதைப் புரிந்துகொள்ள முடியாதா?

ரசிகன் சும்மா பார்க்கிறவன் என்பதும் ஒரு பழி. பிரான்சிலிருந்து தனியொருவராக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றுகிற வாந்தே குளோப் பந்தயம் 2024 நவம்பர் 10-இல் தொடங்கியது. உண்மைப் படகுகளோடு கூடவே கைப்பேசியில் தன் கற்பனைப் படகை ஓட்டலாம். உலகின் நிஜமான காற்று முன்னறிவிப்புதான் அந்த விளையாட்டுக்கும் காற்று. அதற்கு முந்தைய பந்தயத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி ஓட்டினார்கள். 2024-இல் நானும் ஓட்டினேன். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை காற்று வரைபடத்தைத் திறந்து, தாழ்வழுத்தம் எங்கே சுழல்கிறது, அதன் எந்த விளிம்பில் சவாரி செய்யலாம் என்று பார்த்து திசையை மாற்றுவேன். முன்னணிப் படகுகள் நன்னம்பிக்கை முனையைத் தாண்டி இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்த அதே வாரம், அதே வரைபடத்தில் நம் பக்கத்தில் ஒரு சுழல் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஃபெஞ்சல். அம்புக்குறிகள் நகராமல் ஒரே இடத்தில் சுற்றுவதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது காற்றால். இது நின்று பெய்யப் போகிற புயல் என்று பட்டது. நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறி, அங்கேயே தயங்கி, விழுப்புரத்தையும் திருவண்ணாமலையையும் கொட்டி நனைத்தது. டிசம்பர் 2-இல் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்தார்கள். தென்பெண்ணை எங்கள் ஊர் ஓரமாக நான் பிறந்ததிலிருந்து பார்க்காத அகலத்தில் போயிற்று. முதல் நாளே ஆற்றோரத்து உறவினர் இரண்டு குடும்பத்தை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். "எப்பிடிண்ணே தெரிஞ்சுது?" என்று தம்பி முறையானவன் கேட்டான். வானிலை மையத்தின் எச்சரிக்கை எல்லோருக்கும் வந்ததுதான். அந்த எச்சரிக்கையை நம்பும்படி அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது இந்த விளையாட்டு. சார்லி தாலின் என்பவர் அந்தப் பந்தயத்தை 64 நாளில் முடித்து, முந்தைய சாதனையை ஒன்பது நாளுக்கும் மேல் குறைத்தார். நான் எங்கேயோ பின்னால் வந்து சேர்ந்தேன்.

2025 பிப்ரவரி 15 அன்று இந்தியக் கடற்படையின் 'தாரிணி' பாய்மரப் படகு தென் அமெரிக்காவின் அடிமுனையான ஹார்ன் முனையைச் சுற்றிவந்தது. அதில் இரண்டே இரண்டு பெண்கள். கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. 2024 அக்டோபர் 2-இல் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே 29-இல் அங்கேயே திரும்பினார்கள். மோட்டார் சைக்கிளில் போனால் எங்கள் ஊரிலிருந்து புதுச்சேரி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ரூபா ஹார்ன் முனையைக் கடந்த நாளில் எங்கள் டீக்கடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நமக்குச் சம்பந்தமில்லை என்று நாம் முன்பே முடிவு கட்டிவிட்டதால், நம் வீட்டுப் பெண் உலகைச் சுற்றியதும் நமக்குச் செய்தியாகவில்லை. இந்தக் கருத்தின்மேல் எனக்குள்ள கோபமெல்லாம் இதற்காகத்தான். பணக்காரனின் படகுக்கு அதனால் ஒரு கீறலும் இல்லை. நம் பிள்ளைகளைத்தான் கரையில் நிறுத்தி வைக்கிறது.

சென்னையில் ராயல் மெட்ராஸ் படகுச் சங்கத்தை 1911-இல் துறைமுகத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இருந்தும் பண்ருட்டிப் பக்கத்து ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி படகு ஓட்டக் கற்க விரும்பினால் சென்னைக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. என் வகுப்பில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். நேஹா தாக்கூரின் ஓட்டத்தை வகுப்பில் போட்டுக் காட்டியபோது, பாயைத் தளர்த்தினால் வேகம் ஏன் கூடுகிறது என்று கேட்டவள். அந்தக் கேள்விக்குக் கரும்பலகையில் விடை சொல்லலாம், கயிற்றைக் கையில் பிடித்தால்தான் விளங்கும்.

நெய்வேலிச் சுரங்கம் இறைக்கிற நீர் பரவனாற்று வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. மழைக்குப் பிறகு பெருமாள் ஏரி குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். தடுக்க மலை இல்லை, கட்டடம் இல்லை, கடற்காற்று நேராக வருகிறது. பாசனக்காரர்களையும் ஏரி மீனவர்களையும் கேட்டு ஓர் ஓரத்தைப் படகுப் பயிற்சிக்கு வாரத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். சிறுவர்கள் கற்கிற ஆப்டிமிஸ்ட் படகுக்கு நீளம் 2.3 மீட்டர், ஒரு சின்னப் பாய். டாடா ஏஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிடலாம்.